மதினிக்குத் தேய்த்த கண்ணாடிகள்

பார்வை இருந்த காலத்தில் என் மதினிக்கு நான் ஆறு கண்ணாடி தேய்த்துக் கொடுத்தேன். ஒன்றைவிட ஒன்று துல்லியம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த ஆறும் தேய்த்து முடிப்பதற்குள் அவருடைய இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் சாவித்துவாரம் அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

எழுபதுகளின் கடைசி. போடியில் பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்தேன். முன்னால் பிரேம் அடுக்கிய அலமாரி, சுவரில் எழுத்து அட்டை, ஒரு நாற்காலி. அங்கே முதலாளி உட்கார்ந்து கண் பார்த்துப் பவர் எழுதுவார். அவர் டாக்டர் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அதை யாரும் கேட்கவும் இல்லை. பின்னால் தகரம் போட்ட அறை என்னுடையது. அவர் எழுதிக் கொடுக்கிற பவருக்கு நான் கண்ணாடி தேய்க்க வேண்டும்.

தேய்ப்பது என்றால் இதுதான். தடித்த கண்ணாடி வட்டுகள் மதுரையிலிருந்து வரும். தார் மாதிரி இருக்கிற கீலை உருக்கி, ஒரு வட்டை இரும்புப் பிடியில் ஒட்டிக்கொள்வேன். குழிந்த இரும்புச் சட்டி ஒன்று மோட்டாரில் சுற்றும். எமரித்தூளும் தண்ணீரும் விட்டு அதில் வட்டை அழுத்தித் தேய்த்தால், சட்டியின் வளைவு அப்படியே கண்ணாடிக்கு ஏறும். அந்த வளைவுதான் பவர். முதலில் பெருந்தூள், பிறகு நடுத்தூள், பிறகு கண்மை மாதிரி இருக்கிற பொடித்தூள். கடைசியில் கம்பளித்துணியும் சிவப்புப் பொடியும் போட்டு மெருகேற்றுவேன். தேய்க்கத் தேய்க்கச் சட்டியும் தேயும், அதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். நாற்பது ஐம்பது கண்ணாடிக்குப் பிறகு சட்டியின் வளைவு கொஞ்சம் மாறிவிடும். பவரும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

முதலாளிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. "அரைக்கால் பவரை எந்தக் கண்ணு மாப்ளே கண்டுபிடிக்கப் போகுது? போட்டு வெரசா அனுப்பு" என்பார். எனக்குப் பொறுக்காது. நான் முன்கோபக்காரன். பின்சுவரில் கரியால் பெரிய கூட்டல் குறி ஒன்று போட்டு வைத்திருந்தேன். தேய்த்த கண்ணாடியை அதற்கு நேர் எதிரான பவர் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, அதன் வழியாகக் குறியைப் பார்த்துக்கொண்டே லேசாக அசைப்பேன். இரண்டு பவரும் சமமாக இருந்தால் குறி அசையாமல் நிற்கும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மறுபடியும் சட்டிக்குக் கொண்டுபோய்விடுவேன். முதலாளி முன்னாலிருந்து கத்துவார், நான் பின்னாலிருந்து கத்துவேன், ஆள் வந்தால் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வோம்.

யாராவது கண்ணாடி சரியில்லை என்று திரும்பி வந்தால், முதலாளி அந்த ஆள் போனபிறகு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பார். நான் அப்படி நினைப்பதில்லை. குறை சொல்கிறார்கள் என்றால் குறை என் கண்ணாடியில்தான் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கிறவரை விடக் கூடாது என்று நினைப்பேன். நல்ல குணம் என்று ஊரில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டினார். விடிகாலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். மதினி ஏலக்காய்ச் சரக்கு வைக்கிற கிட்டங்கியில் காய் பொறுக்கினார். மலையில் காய்ந்த ஏலக்காய் மூட்டை மூட்டையாகப் போடிக்கு வரும். முப்பது பெண்கள் வரிசையாகத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சொளகை, அதாவது முறத்தை, வைத்துப் பொறுக்குவார்கள். நல்ல பச்சை வலப்பக்கம் ஒதுங்கும். வெடித்தது, கறுத்தது, பூச்சி அரித்தது எல்லாம் இடப்பக்கம். மதினியின் கை அந்தக் கிட்டங்கியிலேயே வேகமான கை. அவர் பொறுக்கிய சொளகைக் கணக்கப்பிள்ளை மறுபடி கிளறிப் பார்க்க மாட்டார். அந்த ஒரு மரியாதைக்காகவே மதினி காய்ச்சல் வந்தால்கூட வேலைக்குப் போவார்.

கொழுந்தனைக் கேலி செய்யாத மதினி எங்கள் பக்கம் உண்டா? என்னைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "வாங்க கொழுந்தனாரே. இன்னைக்கு எத்தன பேரு கண்ணத் தெறந்து விட்டீக? ஒங்களுக்கு ஒரு பொண்ணு மட்டும் கண்ணுல பட மாட்டேங்குதே" என்பார். நானும் விட மாட்டேன். நாற்பது வயதில் அவருக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது, "மதினி, ஒங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருச்சு. கெழவி ஆயிட்டீக" என்று ஒரு வாரம் சொல்லிச் சிரித்தேன்.

முதல் கண்ணாடி அப்படித்தான் வந்தது. முதலாளி, எழுத்துத் தெரியாதவர்களுக்கான குறி போட்ட அட்டையைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிப் பவர் எழுதினார். நான் தேய்த்தேன். மறுநாளே மதினி திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, அட்டை நல்லாத் தெரியுது. சொளகு தெரியல." எனக்கு ஒரு நாள் முழுக்கப் புரியவில்லை. பிறகு ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்கே போய்விட்டேன். மதினி உட்கார்ந்திருந்தபடியே அவர் கண்ணிலிருந்து சொளகின் நடுவரைக்கும் அளந்தேன். புத்தகம் படிக்கிற தூரம் வேறு, மடியில் கிடக்கிற சொளகின் தூரம் வேறு. மதினி எழுதப் படிக்கத் தெரியாதவர், படிக்கிற தூரத்துக்கு அவருக்குக் கண்ணாடி எதற்கு? பவரைக் குறைத்து இரண்டாவதைத் தேய்த்தேன். மதினி போட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, காய்க்கு மேல இருக்கிற நரம்பெல்லாம் தெரியுதே" என்றார். அந்தச் சந்தோஷத்தில் அவரே மற்ற பெண்களைக் கடைக்கு அனுப்பினார். ஒவ்வொருத்தருக்கும் நான் டேப் வைத்து அளந்தேன். முதலாளிகூட, "ஒனக்கு மண்டையில என்னமோ இருக்கு மாப்ளே" என்று ஒத்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மதினியின் கண்ணில் என்ன குறை வந்தாலும் என் அறையில் சரி செய்துவிடலாம் என்று அன்றைக்கு மனசில் விழுந்துவிட்டது.

ஆறேழு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் பிடிபடவில்லை என்று வந்தார். முதலாளி பார்த்தார், பவர் கால் ஏறியிருந்தது. வெள்ளெழுத்து அவ்வளவு வேகமாக ஏறாது. அது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளி தோளைக் குலுக்கினார். நான் சட்டியைச் சந்தேகப்பட்டேன். அளந்து பார்த்தால், சட்டி நிஜமாகவே தேய்ந்திருந்தது! எனக்குக் கிடைத்த முதல் சாபம் அந்தச் சட்டி. தேடிய இடத்தில் ஒரு குறை கிடைத்துவிட்டது, அதற்குப் பிறகு நான் வேறெங்கேயும் தேடவில்லை. குழிந்த சட்டியையும் புடைத்த சட்டியையும் எமரி போட்டு ஒன்றோடு ஒன்று தேய்த்து வளைவைச் சரி செய்தேன். மூன்றாவது கண்ணாடி, பத்து மாதம் கழித்து நாலாவது. ஒவ்வொரு தடவையும் மதினி, "இப்பத் தேவலை" என்பார். கொஞ்ச நாளில் திரும்பி வருவார்.

பிறகு ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்.

"தம்பி, நடுவுல பளிச்சுன்னு இருக்கு. இடப்பக்கம் ஓரத்துல சொளகே இல்லாத மாதிரி இருக்கு. நேத்துக் கணக்கப்பிள்ளை என் சொளகக் கிளறிப் பாத்துட்டாரு. ஓரத்துல நாலு வெடிச்ச காய் கெடந்துச்சாம்."

"கிளறுனாரா? ஒங்க சொளகையா?"

"ஆமா. முப்பது பேருக்கு முன்னால. கண்ணுல விளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாரும்மா, அப்படின்னாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்குக் கணக்கப்பிள்ளையை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட என் மேல்தான் கோபம்.

ஓரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தடித்த கண்ணாடியில் நடு நன்றாக இருக்கும், ஓரம் மங்கும், நேர்க்கோடு வளையும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் கடையில் கண்ணாடியின் பின்பக்கத்தைக் கிட்டத்தட்டத் தட்டையாகத்தான் தேய்ப்போம். வட்டு விற்க வருகிற மதுரை ஏஜென்ட்டிடம் கேட்டேன். பின்பக்கத்தையும் உள்வாங்கிக் குழித்து, அதற்கு ஈடாக முன்பக்கத்தை இன்னும் புடைக்க வைத்தால் ஓரம் தெளியும் என்றார். எந்தப் பவருக்கு எந்த வளைவு என்று ஒரு அச்சடித்த தாளும் கொடுத்தார். அதற்கு எங்களிடம் சட்டி இல்லை. தேனியில் ஒரு லேத் பட்டறையில் வார்ப்பிரும்பில் கடைந்து வாங்கினேன். பித்தளைத் தகட்டில் அளவு வெட்டி, சட்டியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி எமரி. ஒரு ஜோடி சட்டிக்கு எட்டு மாதம் ஆனது. கடை வேலையை முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் அதில்தான். விரல் நுனியில் தோல் போய்விட்டது.

மதினி அப்போது சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை. மங்கலாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இல்லாத மாதிரி இருக்கிறது என்று சொன்னார். கண்ணாடியின் ஓரம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பொருளை மங்கலாக்கும், வளைக்கும். இல்லாமல் ஆக்காது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

அந்த இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்களை ஜீப்பில் போடிமெட்டுக்குக் கூட்டிப் போனார். தோட்டத்தில் ஒரு கல்யாணம். முந்தலைத் தாண்டி வளைவு வளைவாக ஏறி மேலே போனதும் டீக்கடையில் நிறுத்தினார். கடைக்காரர் மலையாளி, "சேச்சி, சாயா எடுக்கட்டே?" என்று மதினியிடம் கேட்டார். மதினி கீழே போடி தெரிகிற பக்கம் திரும்பி நின்றார். "அந்தா பாரு தம்பி, கம்மாய் தெரியுது. கீழ் வளைவு ரோட்டுல மாடு நிக்கிறதுகூடத் தெரியுது" என்றார். உண்மைதான், அவ்வளவு தூரத்தில் மாடு தெரிந்தது. அண்ணன் டீக்கிளாசை வாங்கிவந்து மதினியின் இடப்பக்கம் நின்று நீட்டினார். மதினி வாங்கவில்லை. அண்ணன் நீட்டியபடியே நின்றார். மதினி மாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி, எம் மேல என்ன கோவம்?" என்றார் அண்ணன்.

மதினி திடுக்கிட்டுத் திரும்பினார். கிளாஸ் கையில் இடித்து டீ சேலையில் கொட்டியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அண்ணே, மதினிக்கு ஒங்களத் தவிர எல்லாம் தெரியுது" என்றேன். மதினியும் சிரித்தார். "பக்கத்துல இருக்கிறதப் பாத்து என்னா செய்ய?" என்று சொல்லிச் சேலையை உதறினார்.

அந்த நேரம் மதினி கண்ணாடி போட்டிருக்கவில்லை. அது பொறுக்குகிறபோது மட்டும் போடுகிற கண்ணாடி, அன்றைக்கு வீட்டில் பெட்டியில் இருந்தது. வெறுங்கண்ணுக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு ஆள் நிற்பது தெரியவில்லை. நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டிருந்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். எனக்குக் கண்ணாடிதான் கண்ணை மறைத்தது.

சட்டி தயாரானது. ஐந்தாவது கண்ணாடியை அதில் தேய்த்தேன். சுவரில் இருந்த குறியை ஓரத்து வழியாகப் பார்த்தேன். கோடு வளையவில்லை. அறைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மதினி போட்டுக்கொண்டு சொளகைப் பார்த்தார். கொஞ்ச நேரம் சொளகை இடமும் வலமுமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்குய்யா" என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டியால் கடைக்குப் பெயர் வந்தது. ராசிங்காபுரம், தேவாரம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஒருவர், இருபது வருஷமாக இப்படிப் படித்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வேலையில் பொய் இல்லை. அந்தச் சட்டியில் தேய்த்த கண்ணாடி ஊரில் எல்லோருக்கும் ஓரத்தைத் தெளிவாக்கியது. யாருக்காகத் தேய்த்தேனோ அவருக்கு மட்டும் ஆகவில்லை.

சாயங்காலம் கிட்டங்கியில் பல்பு போட்ட பிறகு, விளக்கைச் சுற்றி வண்ண வண்ணமாக வளையம் தெரிகிறது என்றார் மதினி. நெற்றி விண்ணுவிண்ணென்று தெறிக்கிறது என்றார். கண்ணாடி ஓரம் வெளிச்சத்தை வானவில்லாகப் பிரிக்கும் என்று அந்தத் தாளில் போட்டிருந்தது. சரி, அதுதான் என்று பெரிய ஆள்போல விளக்கம் சொன்னேன். வட்டை இன்னும் மெலிதாக்கி ஆறாவதைத் தேய்த்தேன். அதுதான் நான் தேய்த்ததிலேயே நல்ல கண்ணாடி.

அதைப் போட்டுக்கொண்டு கிட்டங்கிக்குப் போன மூன்றாம் நாள், மதினி எழுந்து நடக்கும்போது பக்கத்துப் பெண் பொறுக்கிக் குவித்து வைத்திருந்த காயை மிதித்துவிட்டார். ஏலக்காயை மிதிப்பது அங்கே ஆகாது. தவறி ஒரு காயில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மதினி முழுக் குவியலுக்குள் காலை வைத்துவிட்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல் நின்றார். காய் உடைந்து மணம் கிளம்பியது. கணக்கப்பிள்ளை திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா. கண்ணு சரியானதும் வா" என்றார்.

மதினி வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைக்கு வந்தார். நல்ல மத்தியானம். காலில் ஏலக்காய்த் தோல் ஒட்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது வேணாம் தம்பி. நீ இதுக்கு மேல சிரமப்படாத."

நடந்ததைக் கேட்டேன். சொன்னார். எனக்கு என்ன தோன்றியது என்று இப்போதும் தெரியவில்லை. அவரைச் சுவருக்கு எதிரில் ஸ்டூலில் உட்காரவைத்தேன். கண்ணாடி இல்லாமல், வெறுங்கண்ணால் கூட்டல் குறியைப் பார்க்கச் சொன்னேன்.

"குறி தெரியுதா மதினி?"

"தெரியுது. கரிக்கோடுதான?"

"அதையே பாருங்க. எங் கை எப்பத் தெரியுதுன்னு சொல்லுங்க."

இடது காதுப் பக்கத்திலிருந்து கையை மெல்ல முன்னால் கொண்டுவந்தேன். கன்னத்தைத் தாண்டினேன். மூக்குக்கு நேரே கொண்டுவந்தேன். மதினி சுவரைப் பார்த்தபடி அமைதியாகக் காத்திருந்தார்.

"கைய நீட்டு தம்பி" என்றார்.

என் கை அவர் முகத்துக்கு முன்னால்தான் இருந்தது. விரல் அவர் மூக்கில் படாமல் இருக்க நான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் கையைக் கீழே போட்டேன். முன்னாலிருந்து முதலாளி எதற்கோ என்னைக் கூப்பிட்டார்.

மறுநாள் அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டார். மூன்று பேரும் மதுரைக்கு ஒரு கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டார், விளக்கு வைத்துப் பார்த்தார், கண்ணை அழுத்தி அளந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது என்றார். ஓரத்திலிருந்துதான் தொடங்குமாம். விளக்கைச் சுற்றி வளையம் தெரியுமாம், தலை வலிக்குமாம். "வெள்ளெழுத்துக் கண்ணாடிய அடிக்கடி மாத்துனீங்களாம்மா?" என்று கேட்டார். மதினி, "ஆறு மாத்திட்டேன் சாமி" என்றார். அதுவே ஒரு அடையாளம், அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். போனது திரும்பாது. வலது கண்ணில் இருக்கிறதை ஆபரேஷன் செய்து கொஞ்ச நாள் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார்.

பேசிக்கொண்டே, நான் கொண்டுபோயிருந்த மதினியின் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரத்து வழியாகவும் திருப்பிப் பார்த்தார். "யாரு செஞ்சது? ரொம்பச் சுத்தமான வேலையா இருக்கே" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். மதினிதான் சொன்னார். "எங்க கொழுந்தன்தான். போடியில இவன் கண்ணாடின்னா அம்புட்டுப் பேரும் வருவாக." அந்தக் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். வேறென்ன செய்ய முடியும்? அடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே, என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

ஆபரேஷன் முடிந்து பஸ்சில் திரும்பும்போது அண்ணன் முன்சீட்டில் உறங்கிவிட்டார். பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

"மதினி, கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாலும் இடப்பக்கம் தெரியாமத்தான இருந்துச்சு? அத ஏன் ஒரு தடவகூட எங்கிட்டச் சொல்லல?"

அவர் வலது கண்ணில் கட்டு இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னார்.

"தெரிஞ்சுச்சு தம்பி. கெணத்தடியில வாளி பக்கத்துலயே இருக்கும், தேடிக்கிட்டு நிப்பேன். கண்ணாடி போடாமத்தான். அன்னைக்கே நெனச்சேன், இது கண்ணாடிக் கோளாறு இல்லபோலன்னு. சொல்லிரலாம்னு வந்தேன். நீ வெரல்ல துணியச் சுத்திக்கிட்டு அந்தச் சட்டியத் தேச்சுக்கிட்டு இருந்தே. ஓரத்துலதான் மதினி கோளாறு, கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னே. சோலி தெரிஞ்சவன் நீ. எங் கண்ணு சொல்றது பெருசா, நீ சொல்றது பெருசா? நீ சொல்றதுதான் சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

பஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்னைச் சமாதானப்படுத்தியிருப்பார், அதையும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

வலது கண் மூன்று வருஷம் நின்றது. அதுவும் உள்ளேயே குறுகிக் குறுகிப் போய் முடிந்தது. மதினி கிட்டங்கிக்குத் திரும்பவே இல்லை. வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவார், விரலால் தடவித் தடவி. அவர் பொறுக்கி முடித்த அரிசியிலும் ஒரு கல் இருக்காது.

எண்பதுகளின் நடுவில் முதலாளி ஒரு லென்சோமீட்டர் வாங்கிப்போட்டார். கண்ணாடியை அதில் வைத்துக் குமிழைத் திருப்பினால், உள்ளே பச்சைக் கோடுகள் தெளிகிற இடத்தில் பவர் எவ்வளவு என்று காட்டும். சுவரில் இருந்த கரிக்குறிக்கு இனி வேலை இல்லை. முதலாளி பழக்கதோஷத்தில், "இனிமே அரைக்காலுக்குச் சண்டை போட மாட்டேல்ல மாப்ளே" என்றார். நான் செய்த முதல் வேலை, மதினியின் ஆறு கண்ணாடியையும் வீட்டிலிருந்து எடுத்துவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததுதான். ஒன்றிலாவது தப்பு இருக்காதா என்று பார்த்தேன். எழுதிக் கொடுத்த பவர் என்னவோ, அதுவேதான் இருந்தது. ஆறாவதில் கோடுகள் கத்தியால் கீறினதுபோல விழுந்தன.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் மதினி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு ஒரு கண்ணாடி போட்டுக் கொடேன்."

நான் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"என்னா, சத்தத்தையே காணோம்? கெணத்தடிக்குப் போனா அவளவ எம் மூஞ்சியவே பாக்குறாளாம், ஒங்கண்ணன் சொல்றாரு. அதுல வேற, கொழுந்தன் கண்ணாடிக்கடைக்காரன், மதினி மொட்டைக் கண்ணோட நிக்கிறாளேன்னு பேசுவாக. ஒனக்குத்தான் கேவலம்."

வெறும் கண்ணாடி போட்டிருக்கலாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னால் முடியவில்லை. கடைசியாக எழுதின பவரை எடுத்து, அந்தச் சட்டியில், பெருந்தூள் நடுத்தூள் பொடித்தூள் எல்லாம் முறையாகப் போட்டு நாலு நாள் தேய்த்தேன். மெஷினில் வைத்துப் பார்த்தேன். அது போதாதென்று சுவரில் குறியையும் பார்த்தேன், அசையவில்லை.

மதினி மூஞ்சியைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் போட்டுவிட்டேன். கடையில் வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், என்னை மீறிக் கேட்டுவிட்டது.

"எப்படி இருக்கு மதினி?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதினி தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். விரலால் பிரேமைத் தொட்டுப் பார்த்தார்.

"வலது காதுல உறுத்துது. கொஞ்சம் தளத்தி விடேன்" என்றார்.

அடுப்பங்கரைக்குப் போய்த் தணலில் காட்டி, காது வளைவைக் கொஞ்சம் நிமிர்த்தி எடுத்துவந்து மறுபடி மாட்டினேன்.

"இப்பச் சரியா இருக்குய்யா" என்றார் மதினி.